அத்தியாயம் 6: திரையில் நிற்கும் எண்ணை எப்போது நம்பலாம்? வீட்டு வலையமைப்பிலும் வெப்பச் சென்சரிலும் பழுது தேடும் முறை

மாலையில் கறந்த பாலை மறுநாள் காலைவரை கெடாமல் வைத்திருக்க வேண்டுமானால் அது 4 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும். வெல்லாவெளியில் அந்தப் பால் விடிந்ததும் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிகுடிக்குப் போனாலும் சரி, வீட்டிலேயே தயிராக உறைந்தாலும் சரி, இடைப்பட்ட இரவைக் காப்பது ஃபிரிட்ஜ்தான். அதற்குள் ஒரு வெப்பச் சென்சரை வைத்து, அதன் எண்ணைக் கைபேசியில் பார்க்கும் அமைப்பை முந்தைய அத்தியாயங்களில் கட்டி முடித்தீர்கள். அது பழுதானால் எங்கே, எந்த ஒழுங்கில் தேடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் பின்பக்க அறைக்குப் போகும் பிரேக்கர் விழுகிறது. ஃபிரிட்ஜ் நிற்கிறது. அதே பிளக்கிலிருந்து கரண்ட் எடுக்கும் இ.எஸ்.பி. போர்டும் நிற்கிறது. முன்வீட்டிலுள்ள ரவுட்டரும் ராஸ்பெரி பையும் வேறு சுற்றில் இருப்பதால் தொடர்ந்து ஓடுகின்றன. விடியற்காலையில் கைபேசியைத் திறந்தால் திரையில் 4.2 பாகை நிற்கிறது. அது நள்ளிரவுக்கு முன் வந்த கடைசி எண். குளிர் குறைந்த ஃபிரிட்ஜில் நின்ற பால் அதற்குள் புளிக்கத் தொடங்கியிருக்கலாம். சென்சரில் குறையில்லை, மென்பொருளில் குறையில்லை, வலையமைப்பும் நன்றாகவே இருக்கிறது. எது நடந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று இத்தனையும் கட்டினோமோ, அதுவே செய்தி சொல்ல வேண்டியவனின் வாயையும் அடைத்துவிட்டது. ஆகவே தவறான எண்ணைவிடப் பழைய எண் ஆபத்தானது. தவறான எண் கண்ணில் உறுத்தும். பழைய எண் உறுத்தாது. செய்தி வராமையை ஒரு பழுதாகவே எண்ணி, அதற்கும் மணி அடிக்க வைப்பதுதான் முழுமையான கண்காணிப்பு. இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் அந்த ஒரு கருத்திலிருந்தே வருகின்றன.

எந்த அமைப்பைப் பற்றிப் பேசுகிறோம்

ஆறு கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. ஒவ்வொன்றின் வேலையையும் ஒரு வரியில் நினைவில் வைத்தால் போதும்.

1. டி.எஸ். 18பி20 சென்சர்: ஃபிரிட்ஜுக்குள் இருந்து வெப்பநிலையை அளக்கிறது.
2. இ.எஸ்.பி. 8266 போர்டு: இ.எஸ்.பி.ஹோம் மென்பொருளுடன் அந்த எண்ணை வாசித்து அனுப்புகிறது.
3. வைஃபை: பின்பக்க அறைக்கும் முன்வீட்டுக்கும் இடையிலான பாதை.
4. ரவுட்டர்: ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி கொடுக்கிறது.
5. ராஸ்பெரி பையில் ஓடும் மொஸ்கிட்டோ: வரும் செய்திகளை வாங்கி, கேட்டவர்களுக்குக் கொடுக்கும் தபாற்கந்தோர்.
6. ஹோம் அசிஸ்டன்ட்: எண்ணையும் வரைபடத்தையும் காட்டி, எல்லை மீறினால் மணி அடிக்கிறது.

மென்பொருள்கள் எல்லாம் திறந்த மூலத்தில் கிடைப்பவை. பணம் கட்டத் தேவையில்லை. இதன் பெரிய பயன் பணமிச்சம் மட்டுமல்ல. ஆறு கண்ணிகளும் உங்கள் வளவுக்குள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு கண்ணியையும் நீங்களே திறந்து பார்த்து, அது பேசுகிறதா என்று சோதிக்கலாம்.

கையை வைக்கும் முன்: பாதுகாப்பு

1. 230 வோல்ட் பக்கத்தில் எதையும் திறக்காதீர்கள். பிரேக்கர் மீண்டும் மீண்டும் விழுந்தால் அது எலக்ட்ரீஷியனின் வேலை. சென்சர், போர்டு, 5 வோல்ட் சார்ஜர் வரைதான் இந்த நூலின் எல்லை.
2. ஃபிரிட்ஜின் உடலில் துளை போடாதீர்கள். சுவருக்குள் குளிரூட்டும் வாயுக் குழாய் ஓடுகிறது. மெல்லிய சென்சர் வயரைக் கதவின் ரப்பர் ஓரமாக உள்ளே விட்டால் போதும்.
3. வீட்டுக்கும் மாட்டுக் காலைக்கும் இடையே திறந்த வெளியில் செப்பு வயர் இழுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அடிக்கும் ஊர் இது. அந்த வயர் மின்னலின் தாக்கத்தை நேரே ரவுட்டருக்குக் கொண்டுவரும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே வைஃபையையே நம்புங்கள்.
4. யானை வேலி, மாட்டு வேலி ஆகியவற்றின் மின்கம்பிக்கு அருகில், அதற்கு இணையாகச் சென்சர் வயர் ஓடக் கூடாது. வேலியின் துடிப்பு சென்சர் பேச்சைக் குழப்பும். வயர் அதில் பட்டால் உயிருக்கே ஆபத்து.
5. இதே முறையில் இன்சுலினையும் கண்காணிப்பவர்கள் இருப்பார்கள். அது 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனதைப் பயன்படுத்தவே கூடாது. சந்தேகம் வந்தால் திரையைக் கேட்காதீர்கள், மருந்தாளரைக் கேளுங்கள்.

எண்ணுக்கு வயது கொடுங்கள்

இந்த அமைப்பில் செய்திகள் போய்வரும் முறைக்கு எம்.கியூ.டி.டி. என்று பெயர். 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிப்பதற்காக இதை வடிவமைத்தார்கள். இணைப்பு அடிக்கடி அறுபடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த முறை என்பதால் அதில் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, கடைசிச் செய்தியை மொஸ்கிட்டோ பிடித்து வைத்திருந்து, புதிதாக வருபவருக்கு உடனே கொடுக்கும். மற்றது, ஒரு கருவி சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோனால், அது முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடைசிச் செய்தியை மொஸ்கிட்டோ அதன் சார்பில் அறிவிக்கும். முதல் வசதி நம்மை ஏமாற்றக்கூடியது. இரண்டாவது நம்மைக் காப்பது. இ.எஸ்.பி.ஹோம் தன் எண்களைப் பிடித்து வைக்கும்படிதான் தானாகவே அனுப்புகிறது. ராஸ்பெரி பை மறுபடி எழும்பும்போது அந்தப் பழைய எண் புதிய எண்ணைப் போல் திரைக்கு வந்து நிற்கும்.

இதைச் சரிசெய்யும் ஒழுங்கு:

1. வெப்பநிலைச் செய்திக்கு மட்டும் பிடித்து வைக்கும் வசதியை நிறுத்துங்கள். கருவி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும் நிலைச் செய்திக்கு அது இருக்கட்டும்.
2. ஹோம் அசிஸ்டன்ட் அமைப்பில் அந்தச் சென்சருக்குக் காலாவதி நேரம் கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை எண் வருமானால் 300 விநாடி நல்ல அளவு. அதற்குள் புதிய எண் வராவிட்டால் திரையில் எண் மறைந்து ‘கிடைக்கவில்லை’ என்று வரும்.
3. திரையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அது கடைசியாக வந்த நேரத்தையும் காட்டுங்கள்.
4. ‘கிடைக்கவில்லை’ நிலை 10 நிமிடம் நீடித்தால், வெப்பநிலை எல்லை மீறியதற்கு அடிக்கும் அதே மணி அடிக்கட்டும்.

குறிப்பு: நேரத்தை நம்புவதற்கு ராஸ்பெரி பையின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். ராஸ்பெரி பை 4 வரையிலான மாதிரிகளில் பற்றரிக் கடிகாரம் கிடையாது. அவை இணையத்தைக் கேட்டுத்தான் நேரத்தைத் திருத்துகின்றன. மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தும் சிக்னல் வராத வேளையில் கடிகாரம் பின்தங்கி நிற்கும். வரைபடத்தில் இரவு முழுவதும் இடம் மாறிப் பதிவாகும். டி.எஸ். 3231 என்ற சிறிய கடிகாரத் துண்டை இணைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

எண் வராதபோது தேடும் ஒழுங்கு

பலரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான். சில நேரம் அது வேலையும் செய்யும். ஆனால் ரவுட்டரை அணைக்கும் கணத்தில் பழுது எங்கே இருந்தது என்பதற்கான தடயங்கள் எல்லாம் அழிந்துவிடும்; அடுத்த கிழமை அதே பழுது வந்தால் அதே இருட்டில்தான் நிற்பீர்கள். ஆறு கண்ணிச் சங்கிலியில் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போவதைவிட நடுவில் வெட்டிப் பார்ப்பது விரைவானது. நடு என்பது ரவுட்டர். போர்டு ரவுட்டருக்குத் தெரிகிறது என்றால் மின்சாரமும் வைஃபையும் சரி. தெரியவில்லை என்றால் மொஸ்கிட்டோவையும் ஹோம் அசிஸ்டன்டையும் தொட வேண்டிய தேவையே இல்லை. ஒரே பார்வையில் பாதிச் சந்தேகம் கழிகிறது.

1. முதலில் பாலைப் பாருங்கள். சாதாரண வெப்பமானி ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்து, பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தேவையானால் ஐஸ் போட்டு இடம் மாற்றுங்கள். வலையமைப்பு காத்திருக்கும், பால் காத்திருக்காது.
2. கடைசி எண் எத்தனை மணிக்கு வந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். அந்த நேரத்தில் கரண்ட் போனதா, இடி மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள்.
3. மற்றச் சென்சர்கள் பேசுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மௌனம் என்றால் குறை அந்தப் போர்டின் பக்கம். எல்லாமே மௌனம் என்றால் ரவுட்டர் அல்லது ராஸ்பெரி பையின் பக்கம்.
4. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.
5. பட்டியலில் போர்டு இல்லை என்றால்: போர்டின் விளக்கு எரிகிறதா, சார்ஜர் வயர் இறுக்கமாக இருக்கிறதா, மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட்டுக்கு அருகில் வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மெல்லிய, நீண்ட யூ.எஸ்.பி. வயரில் வோல்டேஜ் குறைந்து போர்டு திரும்பத் திரும்பத் தொடங்குவது வழக்கமான பழுது.
6. பட்டியலில் போர்டு இருக்கிறது என்றால்: ராஸ்பெரி பையிலிருந்தே மொஸ்கிட்டோவின் எல்லாச் செய்திகளையும் கேட்கும் கட்டளையைக் கொடுத்து இரண்டு நிமிடம் பாருங்கள். எண் அங்கே வந்தால் குறை ஹோம் அசிஸ்டன்டில். வராவிட்டால் குறை போர்டுக்கும் மொஸ்கிட்டோவுக்கும் இடையில், அல்லது சென்சரில்.
7. இ.எஸ்.பி.ஹோம் பதிவேட்டைத் திறந்து போர்டு என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். சென்சர் கிடைக்கவில்லை, மொஸ்கிட்டோவில் சேர முடியவில்லை என்றெல்லாம் அதுவே எழுதியிருக்கும்.
8. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் சார்ஜரையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

எண் வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை

டி.எஸ். 18பி20 மைனஸ் 10 முதல் 85 பாகை வரையில் அரைப் பாகைக்குள் சரியாக அளக்கும் என்பது அதைச் செய்தவர்கள் தரும் உறுதி. தவறும்போது அது விடும் தடயங்கள் தெளிவானவை. சரியாக 85 என்று வந்தால், சென்சர் கரண்ட் பெற்று எழும்பிய பின் இன்னும் அளக்கவில்லை என்று பொருள். அந்த எண் அதன் தொடக்க மதிப்பு. கரண்ட் விட்டு விட்டு வருவதையே அது காட்டுகிறது. நுணுக்கமாக அளக்க அதற்கு 750 மில்லிவிநாடி தேவை. அவசரப்பட்டு வாசித்தாலும் 85 வரும். ஆர்டுயினோ வழி எழுதிய நிரல்களில் மைனஸ் 127 என்று வந்தால் சென்சரே கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் வயர் கழன்றிருக்கும், அல்லது கரண்ட் வயருக்கும் தரவு வயருக்கும் இடையே போட வேண்டிய 4.7 கிலோஓம் தடையை மறந்திருப்பீர்கள். சிவப்பு கரண்ட், கறுப்பு நிலம், மஞ்சள் தரவு என்பது பொது வழக்கம்தான்; எல்லா உற்பத்தியாளரும் அதைப் பின்பற்றுவதில்லை. கடையில் கேட்டு உறுதிசெய்த பிறகே இணையுங்கள். தரவு வயரின் தடையை 3.3 வோல்ட்டில் இணைக்க வேண்டும், 5 வோல்ட்டில் வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால் ஐஸ் சோதனை செய்யுங்கள்.

1. ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, ஐஸ் மிதந்துவிடாத அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விடுங்கள்.
2. சென்சரின் உலோக முனையை நடுவில் வைத்து, அடியிலும் சுவரிலும் படாமல் கிளறுங்கள்.
3. ஐந்து நிமிடம் கழித்து எண்ணைப் பாருங்கள். அரைப் பாகைக்குள் 0ஐ ஒட்டி இருந்தால் சென்சர் நல்லது. தொடர்ந்து 1 பாகை கூடக் காட்டினால் அந்த 1 பாகையை மென்பொருளில் கழித்துவிடுங்கள். எண் தாவித் தாவி வந்தால் சென்சரை மாற்றுங்கள். சந்தையில் போலிகள் நிறைய.

குறிப்பு: சென்சர் முனையைத் தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலுக்குள் வைத்து ஃபிரிட்ஜில் நிறுத்துங்கள். வெறும் காற்றில் தொங்கினால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண் ஏறி, வீண் மணி அடிக்கும். வீண் மணி அடிக்கும் வீட்டில் நாளடைவில் யாரும் மணிக்கு எழும்ப மாட்டார்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- போர்டை ஃபிரிட்ஜுக்குள் வைப்பது. உலோகப் பெட்டி வைஃபையைத் தடுக்கும், உள்ஈரம் போர்டைக் கெடுக்கும். முனை மட்டும் உள்ளே, போர்டு வெளியே.
- ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேர்க்க முயல்வது. இ.எஸ்.பி. 8266க்கு 2.4 மட்டுமே தெரியும்.
- தகரச் சுவருக்குப் பின்னால் சிக்னலை எதிர்பார்ப்பது. போர்டு சொல்லும் சிக்னல் அளவு மைனஸ் 75க்குக் கீழே போனால் இணைப்பு அறுபடலாம். போர்டை யன்னல் பக்கம் நகர்த்துங்கள்.
- ராஸ்பெரி பைக்கு நிலையான முகவரி ஒதுக்காமல் விடுவது. மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் புது முகவரி கொடுத்தால் போர்டு பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் முகவரி ஒதுக்கீடு செய்யுங்கள். ஒரு கருவியில் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால் அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்.
- மொஸ்கிட்டோவை நிறுவியதும் வேலை முடிந்தது என எண்ணுவது. 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் வாயில் எண்ணையும் பயனர் பெயரையும் நாமே கொடுக்காவிட்டால் அது தன் கணினிக்குள் இருப்பவர்களுடன் மட்டுமே பேசும். ராஸ்பெரி பையில் சோதித்தால் எல்லாம் சரி, போர்டு மட்டும் சேராது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.
- 15 நிமிடத்துக்கு ஒரு முறை போர்டு அணைந்து எழும்புவதைக் கண்டு சார்ஜரை மாற்றுவது. மொஸ்கிட்டோ கிடைக்காவிட்டால் 15 நிமிடத்தில் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்வது இ.எஸ்.பி.ஹோமின் இயல்பு. குறை எதிர்முனையில் இருக்கிறது.
- வெளியிலிருந்து பார்ப்பதற்காக மொஸ்கிட்டோவின் 1883 வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடுவது. இது ஒருபோதும் வேண்டாம். 4ஜி ரவுட்டரில் பெரும்பாலும் உங்களுக்கெனத் தனிப் பொது முகவரியும் கிடைப்பதில்லை. டெயில்ஸ்கேல் போன்ற பாதுகாப்பான சுரங்கவழியைப் பயன்படுத்துங்கள்.

இத்தனை சிரமம் தேவையா?

நியாயமான கேள்வி. கடையில் கிடைக்கும் வைஃபை வெப்பமானியை வாங்கி, அதன் செயலியைக் கைபேசியில் போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும் என்பார்கள். நல்ல நாட்களில் அது உண்மை. ஆனால் அவ்வகைக் கருவிகளில் பல, எண்ணை வெளிநாட்டுச் சேவையகத்துக்கு அனுப்பி அங்கிருந்து உங்கள் கைபேசிக்குத் திருப்புகின்றன. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வேண்டிய செய்தி கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையக் கோளாறால் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. அப்படியான நாட்களில் தொலைபேசிக் கோபுரமும் பற்றரி தீர்ந்து ஓய்ந்துபோகலாம். ஃபிரிட்ஜ் நிற்கும் நாளும் இணையம் நிற்கும் நாளும் ஒரே நாளாக இருக்கும்போது இணையத்தைச் சார்ந்த கண்காணிப்பு தேவைப்படும் நாளிலேயே கைவிடும். வளவுக்குள்ளேயே முடியும் அமைப்புக்கு ரவுட்டரும் ராஸ்பெரி பையும் உயிரோடு இருந்தால் போதும். சிம் கார்டில் டேட்டா இல்லாவிட்டாலும் வீட்டு மணி அடிக்கும்.

இன்னொரு கூற்றும் உண்டு: அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் சாதாரண வெப்பமானியே போதாதா? ஒரு ஃபிரிட்ஜ், வீட்டில் எப்போதும் ஆள் என்றால் அது போதும். அதை வாங்குங்கள், இந்த அத்தியாயத்தை மூடிவிடுங்கள். அதற்குக் கரண்ட் வேண்டாம், வலையமைப்பு வேண்டாம். ஆனால் நடந்து முடிந்ததைத்தான் அது சொல்லும். பால் கெட்ட பிறகு கெட்ட அளவைத் தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டால் ஐஸ் வைத்துக் காப்பாற்றலாம். சென்சர் அமைப்பை வைத்திருப்பவர்களும் சாதாரண வெப்பமானியைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே முதல் படியில் கேட்டது அதைத்தான். இரண்டும் ஒத்துப்போகும் வரை இரண்டையும் நம்பலாம். முரண்பட்டால் ஐஸ் சோதனை தீர்ப்புச் சொல்லும்.

கரண்ட் போனாலும் பேச வைப்பது

1. போர்டை ஃபிரிட்ஜின் பிளக்கிலிருந்து பிரித்து, பவர் பேங்க் வழியாக இயக்குங்கள். சார்ஜ் ஏறும்போதே கரண்ட் கொடுக்கும் வகையாக அது இருக்க வேண்டும். சில பவர் பேங்குகள், போர்டு எடுக்கும் சிறு கரண்டைக் கண்டு எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணித் தானே அணைந்துவிடும். வாங்கும் முன் ஒரு இரவு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.
2. ரவுட்டருக்கு அதன் வோல்ட்டேஜுக்குப் பொருந்தும் சிறு டி.சி. யூ.பி.எஸ். வையுங்கள். அடியில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் 12 மட்டுமே.
3. ராஸ்பெரி பையையும் யூ.பி.எஸ்.இல் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடலாம். மாதம் ஒரு முறை அமைப்பின் நகலை வேறு இடத்தில் சேமியுங்கள்.
4. கைபேசி அறிவித்தலோடு, ராஸ்பெரி பையில் இணைத்த ஒரு பஸ்ஸரும் ஒலிக்கட்டும். இணையம் இல்லாத இரவில் அதுதான் உங்களை எழுப்பும்.

மாரி தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு மாதத்துக்கு ஒரு முறையும் முழுச் சோதனை செய்யுங்கள். ஃபிரிட்ஜில் பொருள் குறைவாக உள்ள ஒரு பகலில் போர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு மணியைப் பாருங்கள். எண் 5 நிமிடத்தில் மறைய வேண்டும்; அதிலிருந்து 10 நிமிடத்தில், அதாவது வயரைப் பிடுங்கிய 15 நிமிடத்துக்குள், மணி அடிக்க வேண்டும். அடித்தால் திகதியைக் கொப்பியில் எழுதிவிட்டு வயரைச் செருகுங்கள். அடிக்காவிட்டால் காலாவதி நேரம், ‘கிடைக்கவில்லை’ விதி, பஸ்ஸர் என்ற மூன்றையும் அந்த ஒழுங்கில் சரிபாருங்கள். அது சரியாகும்வரை திரையில் எந்த எண் நின்றாலும், இரவு படுக்கும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து சாதாரண வெப்பமானியைக் கண்ணால் பார்த்துவிட்டே பாலை உள்ளே வையுங்கள்.